செஞ்சி பற்றி புத்தகம் போட்டாச்சு... காசில்லாமல் வாசகர்களிடம் சேர்ப்பது எப்படி?

2025 ஜூலை 11-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் தேர்வான 12 கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை என்பதால் இந்த இடம். ஆனால் ஊர்க்காரர்கள் சொல்லும் கதை வேறு: 1714 போரில் இறந்த தேசிங்கு ராஜா கதை.

அந்தக் கதையை எழுத உள்ளூர்க்காரர்தான் வேணும். சொந்தக் காசில் 300 பிரதி அச்சடித்தவரிடம் விளம்பரத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்?

காசு கட்டி விளம்பரம் போடலாமா?

அவசரப்பட வேண்டாம். பணம் தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும். லைக் போடுபவர் எல்லாம் புத்தகம் வாங்குவதும் இல்லை.

அப்போ என்னதான் வழி?

கொஞ்சம் படிக்கக் கொடுப்பதுதான். பதிப்பகங்கள் நிராகரித்த 'மெலூஹாவின் அமரர்கள்' நாவலுக்கு, 2010-ல் அமிஷ் திரிபாதி செய்தது இதைத்தான். முதல் அத்தியாயத்தை மட்டும் அச்சடித்து கடைகளில் இலவசமாகக் கொடுத்தார். யூடியூபில் டிரெய்லரும் விட்டார். தமிழில் ஜெயமோகன், 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' 26 நாவல்களையும் தினம் ஒரு அத்தியாயமாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். அவை புத்தகமாகவும் வந்தன. அவர் ஏற்கெனவே பெயர் பெற்றவர் என்பது உண்மை. ஆனால் புதியவருக்குத்தான் இந்த வழி இன்னும் அவசியம். தெரியாத எழுத்தாளரை யாரும் படித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள்.

செஞ்சிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, கல்யாண மகால் என இடத்துக்கு ஒரு நிமிட வீடியோ போதும். செல்போனே கேமரா. மீதிக் கதை புத்தகத்தில்!

கிண்டிலில் போட்டால்?

மின்னூல் ஏற்ற கட்டணம் இல்லை. 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த 90 நாளும் அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. மாதிரிக்கு 10% வரைதான் அனுமதி. இதைப் பார்க்காமல் பட்டனை அமுக்கிவிடக் கூடாது.

தபால் செலவு?

2024 டிசம்பரில் பதிவுப் புத்தகத் தபால் நின்றது சிறு பதிப்பாளர்களுக்குப் பெரிய அடி. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது. கல்வி, பண்பாட்டு நூல்களுக்கு 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி.

மொத்தத்தில், விளம்பரத்துக்குக் கொட்டும் 2,000 ரூபாயைவிட, நிஜமாகப் படிக்கும் 50 பேரின் வாட்ஸ்அப் எண்கள் பலமானவை. அடுத்த புத்தகத்துக்கும் அவர்கள்தான் முதல் வாசகர்கள்.