அரிட்டாபட்டிக்குப் போனால் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் ஊர் உழவர் மன்றத்தில் 15 பேர் இருக்கிறோம். பொங்கல் முடிந்ததும் வேன் பிடித்து மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்குப் போய்வரலாம் என்று பேச்சு. ‘மலையையும் பாறையையும் பார்க்க ஒருநாள் வேலையை விடணுமா?’ என்று மன்றத்திலேயே சிலர் கேட்கிறார்கள். எங்கள் ஊரிலும் 40 ஏக்கர் அளவில் ஒரு பாறைக்குன்றும், அதன் அடியில் அடுத்தடுத்து மூன்று கண்மாய்களும் உண்டு. மேல்கண்மாய் கலுங்கு பாய்ந்து நாலு வருஷமாகிறது. விவசாயி பார்க்கிற மாதிரி அங்கே என்ன இருக்கிறது?
– சிவகங்கை மாவட்ட வாசகர்

பதில்: வேலையை விட்டுப் போகலாம். உங்கள் கேள்வியின் கடைசியில் மேல்கண்மாயைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே போகலாம்.

அரிட்டாபட்டி, மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. ஏழு சிறு பாறைக்குன்றுகள் வரிசையாக நிற்க, அவற்றின் காலடியில் கண்மாயும் வயலும் ஊரும் அமைந்திருக்கின்றன. தை மாதத்தில் பாறை சாம்பல் நிறத்திலும், கண்மாய் வானத்தின் நிறத்திலும், வயல் பச்சையும் மஞ்சளுமாகவும் இருக்கும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது போதும். விவசாயி அங்கேயே நின்றுவிடக் கூடாது. குன்று, சுனை, வரத்துக்கால், கண்மாய், மடை, வயல், கிணறு என்று தண்ணீர் இறங்குகிற வழியில் நடந்து பார்க்க வேண்டும்.

முதலில் குன்று. ‘வெறும் பாறை, புல்கூட முளைக்காது, எதற்கு உதவும்?’ என்று பல ஊர்களில் சொல்கிறார்கள். கண்மாய்ப் பாசன ஊரில் அதைவிட மதிப்புள்ள நிலம் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். உழுத புஞ்சையில் சிறு மழை பெய்தால் மண்ணே குடித்துவிடும், ஒரு சொட்டும் ஓடாது. பாறையில் விழுந்த மழையில் பெரும்பங்கு கீழே இறங்கியாக வேண்டும்.

உங்கள் ஊர்க் குன்றுக்கே இதைப் பொருத்தலாம். மதுரைப் பக்கம் வருடத்துக்குச் சராசரியாக 85 சென்டிமீட்டர் அளவில் மழை கிடைக்கிறது. அதே மழை உங்கள் ஊரிலும் பெய்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 ஏக்கர் குன்றின் மேல் விழுவது சுமார் 13 கோடியே 60 லட்சம் லிட்டர். அதில் சரிபாதி வழியில் போய்விட்டாலும் மீதி கிட்டத்தட்ட 7 கோடி லிட்டர். 20 ஏக்கர் கண்மாயில் சராசரி 1 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 8 கோடி லிட்டர். உங்கள் மேல்கண்மாய் ஏறத்தாழ அந்த அளவாக இருந்தால், குன்றுத் தண்ணீர் மட்டுமே அதைக் கலுங்கு ஓரத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். நாலு வருடமாக வரவில்லை என்றால் மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நடுவழியில் என்னவோ நடந்திருக்கிறது.

அந்த நடுவழி கெடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அரிட்டாபட்டி. அந்தப் பகுதியில் 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசு அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. பாறை மேல் விழுந்த தண்ணீர் எடுத்த எடுப்பில் கண்மாய்க்கு ஓடுவதில்லை. பள்ளங்களில் சுனையாகத் தங்குகிறது. வெடிப்புகளில் இறங்குகிறது. அடிவாரத்துச் சரளை மண்ணில் ஊறுகிறது. மிச்சம் ஓடைகளாகச் சேர்ந்து கண்மாய்க்கு வருகிறது. அடிவாரத்தில் ஊறியது தான் பிறகு கிணற்றில் ஊற்றாகத் தெரியும். ஓடைகளின் ஓரத்துப் புதரையும் மரத்தையும் கவனியுங்கள். அவை வேரோடு மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கண்மாய்க்குள் வண்டல் அளவோடு வருகிறது. அந்தப் புதரைக் கொளுத்திவிட்டால் இரண்டே மழையில் மணல் திட்டு மடை வாய்க்கு வந்துவிடும்.

ஊர்க் கண்மாய்களில் பெரியது ஆனைகொண்டான். பாண்டியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் கட்டியது என்கிறது அரசு அறிவிப்பு. கரையில் நடந்து போய் மடை எங்கே, எத்தனை என்று பாருங்கள். கலுங்கில் நின்று, வழிகிற தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். சங்கிலித்தொடர்க் கண்மாய் என்பது பாடப்புத்தகச் சொல்லாகவே பலருக்கும் தெரியும். கலுங்கில் நின்று பார்த்தால், ஒரு ஊரின் மிச்சம்தான் அடுத்த ஊரின் வரத்து என்பது கண்ணுக்குத் தெரியும். கலுங்கின் மேல் மணல்மூட்டை அடுக்கி அரை அடி கூடுதலாகத் தேக்குகிறவர்கள் மேலே உள்வாய் நிலத்தையும் மூழ்கடிக்கிறார்கள், கீழே அடுத்த ஊரையும் காயப் போடுகிறார்கள். உங்கள் மூன்று கண்மாய்களுக்குள் இந்தத் தகராறு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை.

மேலூர்ப் பகுதியின் நிலைமையையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அணை நீரை நம்பி மட்டும் இங்கே விவசாயம் செய்ய முடியாது. கால்வாய் வராத மேட்டுப் பகுதியில் குன்றும் கண்மாயும்தான் எல்லாம்.

அண்ணாந்து பார்க்கவும் நேரம் ஒதுக்குங்கள். இங்கே 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகளும் அவற்றில் அடக்கம். செங்குத்துப் பாறை இடுக்கில் கூடு வைக்கும் இனங்கள் இவை. குவாரி வைத்து உடைத்துவிட்டால் வேறு இடம் தேடி அவை எங்கே போகும்? எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் உண்டு. எறும்புதின்னியும் தேவாங்கும் இரவில் நடமாடுகிறவை, பகலில் போகிற உங்கள் கண்ணில் படாது. எறும்பும் கறையானும் எறும்புதின்னியின் இரை. மலைப்பாம்பு எலியையும் விழுங்கும். வயலோரத்தில் குன்று இருக்கிற விவசாயிக்குக் கூலி கேட்காத ஆட்கள் இவர்கள். (குன்று இல்லாதவர்கள் நெல் வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை ‘ட’னாவைக் கவிழ்த்த மாதிரிக் குச்சி நட்டால் ஆந்தையும் வலியனும் வந்து உட்காரும். கதிர் முற்றும் நேரத்தில் மட்டும் அவற்றை எடுத்துவிடுங்கள், தானியம் தின்கிற பறவைக்கும் அதே குச்சி இருக்கையாகிவிடும்.)

கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் சுமார் 2,200 ஆண்டு பழைய தமிழி எழுத்துகளும், சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகளும் உள்ளன. அருகில் தீர்த்தங்கரர் சிற்பம், இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். பிள்ளைகளையும் கூட்டிப்போனால் இவற்றைக் காட்டுங்கள். எழுத்தின் மேல் தண்ணீர் ஊற்றவோ சுண்ணாம்பு தடவவோ வேண்டாம்.

இத்தனையும் இருப்பதால் 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேரை, அதாவது சுமார் 478 ஏக்கரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அதோடு கவலை தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு இரண்டே வருடத்தில் அதிர்ச்சி. 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்துவிட்டதாக மத்திய அரசிடமிருந்து அறிவிப்பு வந்தது. பாரம்பரியத் தலம் அதில் பத்தில் ஒரு பங்குகூட நிறையவில்லை. மீதி எல்லாம் வயலும் கண்மாயும் தோப்பும் வீடும்.

மேலூர்க்காரர்களுக்குக் கல் உடைப்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரானைட் குவாரிகள் போட்ட பள்ளங்களையும், மண்மேடு மூடிய வரத்துக்கால்களையும் பக்கத்து ஊர்களில் பார்த்தவர்கள். அந்த மாதம் 23ஆம் தேதி நடந்த கிராமசபைக் கூட்டங்களில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எங்கள் மலை அழகானது என்று சொல்லியிருந்தால் அதிகாரிகள் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இத்தனை கண்மாய், இத்தனை சுனை, இன்னின்ன பறவை, இந்தத் தண்ணீர் இந்த வயலுக்குப் போகிறது என்று அவர்களால் எண்ணிக் காட்ட முடிந்தது. பல வருடம் நடந்து நடந்து எழுதி வைத்த கணக்கு அது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா?

பல்லுயிர் பெருக்கச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றும் இருக்க வேண்டும். பல ஊர்களில் குழுவில் இருப்பவருக்கே தான் அதில் இருப்பது தெரியாது! ஊராட்சியில் கேட்டு அந்தப் பதிவேட்டைப் பாருங்கள். மலைத்தொடர் இருந்தால்தான் பாரம்பரியத் தலமாகும் என்றும் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோவில் காடு வெறும் 4.97 ஹெக்டேர், 12 ஏக்கர் சொச்சம். 2025இல் அதையும் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அறிவித்துவிட்டால் ஆடு மாடு மேய்க்க முடியாதே என்று சிலர் பயப்படுகிறார்கள். ஊர்மக்கள் தாங்களாக ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு தவிர, வழக்கமான உபயோகத்தைத் தடுக்கக் கூடாது என்றுதான் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது.

இனி உங்கள் மேல்கண்மாய். அரிட்டாபட்டி போய்வந்த அடுத்த வாரமே, கிராம நிர்வாக அலுவலரிடம் வரத்துக்கால் ஓடும் சர்வே எண்களைக் கேட்டு, புலப்பட நகல் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குன்றிலிருந்து கண்மாய் உள்வாய் வரை நடங்கள். பெரும்பாலும் நாலு இடத்தில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். வரப்பைத் தள்ளித் தள்ளி வாய்க்காலை வயலோடு சேர்த்திருப்பார்கள். தார்ச்சாலையை உயர்த்தியபோது சிறுபாலம் வைக்காமல் விட்டிருப்பார்கள். கிராவல் எடுத்த பள்ளம் வரத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். சீமைக்கருவேலம் அடைத்திருக்கும். கடைசியாகச் சொன்னது ஒன்றைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் சொந்தக்காரர் கிடையாது.

படத்தில் பிடிபடாதது மழையில் பிடிபடும். அடுத்த ஐப்பசியில் மூன்று நாலு சென்டிமீட்டர் மழை பெய்கிற நாளில் இரண்டு பேர் குடையோடு போய், தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். இடி மின்னல் இருந்தால் மட்டும் குன்றுப் பக்கம் போகாதீர்கள். செல்போனில் படம் எடுத்து, சர்வே எண்ணோடு சேர்த்து கிராமசபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் உண்டு. ஆக்கிரமித்தவர் மன்றத்து உறுப்பினராகவே இருக்கலாம். அப்படி இருந்தால் முதலில் அவரை அழைத்துப் பேசுங்கள். மனு அதற்குப் பிறகு.

போகும் நாள் பற்றி: தை மாதம் சரியான நேரம். மன்றத்துக்கு வசதி இருந்தால் சித்திரையிலும் ஒருமுறை போங்கள். எந்தச் சுனை வற்றவில்லை என்று அப்போதுதான் தெரியும். காலை 7 மணிக்குள் குன்றடியில் இருந்தால் பறவைகளைப் பார்க்கலாம், பாறையும் சுடாது. கூடு இருக்கிற பாறைப் பக்கம் ஏறவோ கூச்சலிடவோ கூடாது. வேனைக் கண்மாய்க் கரை மேல் ஏற்றாதீர்கள், ஈரக் கரையில் சக்கரத் தடம் விழுந்தால் அடுத்த மழையில் அங்கேதான் உடைப்பு எடுக்கும். சாப்பாட்டை வாழை இலையில் கட்டிக்கொண்டு போங்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போடும் பிளாஸ்டிக் மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. உடைத்துப் போடும் பாட்டில் நடவுக்கு இறங்குகிற பெண்களின் காலைக் கிழிக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள்.

முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போனால், வழி தெரிந்த ஒருவரைக் கூட அனுப்பக் கேட்கலாம். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். உங்களில் ‘எதற்கு வேலையை விடணும்’ என்று கேட்ட ஆட்களைக் கட்டாயம் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கலுங்கில் நின்று சரியான கேள்வி கேட்கப் போவது அவர்கள்தான்.