திகாமடுல்ல: கைநழுவிய ஆசனங்கள் கற்பிக்கும் பாடம்

திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றத்திற்குத் தெரிவு செய்யப்படுகின்றனர். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களில் முஸ்லிம்கள் சுமார் 43 சதவீதத்தினர். தமிழர்கள் சுமார் 17 சதவீதத்தினர். ஆயினும், 2024 பொதுத் தேர்தலில் இவ்விரு சமூகங்களிலிருந்தும் மாவட்டத்தில் நேரடியாகத் தெரிவானவர்கள் மூவர் மட்டுமே. பத்தில் ஆறு பேர் தமிழ் பேசுவோராக வாழும் ஒரு மாவட்டத்தில் இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதைச் சிந்திக்க வேண்டிய கடப்பாடு இரு சமூகங்களுக்கும் உண்டு.

1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாக் குடியேற்றத் திட்டம் இப்பிரதேசத்தின் குடிப்பரம்பலை மாற்றியமைத்தது. அதன் விளைவாக 1959 ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயத்தில் அம்பாறைத் தொகுதி உருவானது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி நிர்வாக மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. இந்த மாற்றங்களைத் தீர்மானித்தவர்கள் கொழும்பில் இருந்தனர் என்பது உண்மையே. ஆனால், கிடைத்த பிரதிநிதித்துவத்தை நாம் எவ்வாறு கையாண்டோம் என்ற கேள்விக்குக் கொழும்பைக் காட்டித் தப்பிவிட முடியாது.

1956 இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் கல்முனையில் எம்.எஸ்.காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம்.முஸ்தபாவும் வெற்றி பெற்றனர். தமிழ், முஸ்லிம் வாக்காளர்கள் ஒரே சின்னத்தின் கீழ் திரண்ட அரிய சந்தர்ப்பம் அது. எனினும் இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றனர். 1977 இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டதால் தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம்.சி.கனகரத்தினம் தெரிவானார். சில மாதங்களிலேயே அவரும் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியில் இணைந்தார். 2010 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஒரே உறுப்பினராகத் தெரிவான பொ.பியசேனவும் அதே வழியைப் பின்பற்றி, அவ்வாண்டிலேயே 18 ஆவது திருத்தத்திற்கு ஆதரவளித்தார். மக்கள் ஒரு பக்கம் வாக்களிக்க, உறுப்பினர் மறுபக்கம் அமர்வது இம்மாவட்டத்திற்குப் புதிதல்ல.

விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறை நடைமுறைக்கு வந்தபோது வெட்டுப்புள்ளி பன்னிரண்டரை சதவீதமாக இருந்தது. மர்ஹூம் எம்.எச்.எம்.அஷ்ரப் முன்வைத்த கோரிக்கையின் பேரில் 1988 இல் அது ஐந்து சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கட்சிகளுக்கு வாசலைத் திறந்துவிட்ட அந்த ஏற்பாட்டின் பயனை நாம் பிளவுகளால் வீணடித்தோம். 2000 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த பின்னர் முஸ்லிம் காங்கிரஸ் பல அணிகளாகப் பிரிந்தது. தமிழர் தரப்பிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை.

2020 பொதுத் தேர்தல் இதற்குத் தெளிவான சான்றாகும். கருணா அம்மான் எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் தலைமையிலான அணி 29 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளையும், தமிழரசுக் கட்சி 25 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளையும் பெற்றன. இரண்டையும் கூட்டினால் 54 ஆயிரத்தைத் தாண்டும். ஆனால், தமிழருக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 39 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற தேசிய காங்கிரஸ் ஓர் ஆசனத்தை வென்றது. தமிழரசுக் கட்சி தனது தேசியப் பட்டியலினூடாகத் தவராசா கலையரசனை நியமித்தே அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

அத்தேர்தலில் முஸ்லிம்கள் நால்வர் தெரிவாகினர். தமிழரின் பிளவு முஸ்லிம்களுக்கு இலாபமாக முடிந்தது என அன்று சிலர் கணக்குப் பார்த்தனர். ஆனால், அந்த இலாபம் எதைப் பெற்றுத் தந்தது? கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், 2020 ஒக்டோபரில், எதிரணிப் பட்டியலில் தெரிவான எச்.எம்.எம்.ஹரீஸும் பைசல் காசிமும் 20 ஆவது திருத்தத்திற்கு ஆதரவாக வாக்களித்தனர். ஜனாஸா எரிப்பு 2021 பெப்ரவரி வரை தொடர்ந்தது. அயல் சமூகத்தின் இழப்பில் கிடைத்த ஆசனம் சொந்தச் சமூகத்தின் துயரையும் தடுக்கவில்லை.

2024 இல் தமிழரசுக் கட்சி சார்பில் கவீந்திரன் கோடீஸ்வரன் தெரிவானதால் தமிழரின் ஆசனம் மீண்டது. முஸ்லிம்களுக்கு இரண்டு ஆசனங்களே கிடைத்தன. தேசிய மக்கள் சக்தி வென்ற நான்கு ஆசனங்களுக்கும் விருப்பு வாக்குகளின்படி சிங்கள வேட்பாளர்களே தெரிவாகினர். தேசியக் கட்சிக்கு வாக்களிப்பது தவறாகாது. ஆனால், மாவட்டப் பட்டியலில் விருப்பு வாக்குகள் சிதறும்போது சிறுபான்மை வேட்பாளர் பின்தள்ளப்படுவார் என்பதை வாக்காளர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும்.

திகாமடுல்லவில் ஒரு சமூகம் வீழ்ந்தால் மற்றையது எழும் என்பது வாக்கெண்ணும் நிலையத்தின் கணக்கு மாத்திரமே. 2019 ஜூனில் உண்ணாவிரதப் போராட்டமாக வெடித்த கல்முனை வடக்கு உப பிரதேச செயலக விவகாரமாயினும், காணிப் பிரச்சினைகளாயினும், இரு தரப்பும் ஒரே மேசையில் அமராமல் தீரப்போவதில்லை. தேர்தல் காலத்தில் மேடைகளில் மூட்டப்படும் பகை, தேர்தல் முடிந்தபின் அயல் கிராமங்களிலேயே தங்கிவிடுகின்றது. அடுத்த வேட்புமனுத் தாக்கலுக்கு முன்னர் தமிழ், முஸ்லிம் தலைவர்கள் தத்தம் அணிகளை ஒன்றுபடுத்துவதும், காணி மற்றும் நிர்வாக எல்லைகள் குறித்து மக்கள் முன்னிலையில் ஓர் இணக்கத்துக்கு வருவதும் அவசியமாகும். அதைச் செய்யத் தயங்குவோரை அடையாளம் காண வேண்டியது வாக்காளரின் பொறுப்பு.