முத்திரையிட்ட ஆவணம் யாருக்குச் சொந்தம்?

வழக்கு சமரசத்தில் முடிந்தால், அதில் திரட்டிய ஆவணங்களையும் மறைத்துவிடலாமா?

ஆக்சிகொன்டின் வலிநிவாரணிக்கு அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக்காட்டி விற்றதாக, பர்டியூ நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் 2007ல் வழக்குத் தொடுத்தது. 2015ல் நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 24 மில்லியன் டாலர் தர இணங்கியது. ஆவணங்களோ முத்திரையிடப்பட்டன.

அவற்றைத் திறக்கும்படி ‘ஸ்டேட்’ செய்தி நிறுவனம் 2016ல் நீதிமன்றத்தை நாடியது. மக்கள் உண்மையை அறிவதே முக்கியம் என்று நீதிபதி அனுமதித்தார். நிறுவனம் மேல்முறையீடு செய்ததால் ஆவணங்கள் வெளிவர 2019 ஆனது.

தனிமனிதரின் மருத்துவக் குறிப்பையும் உண்மையான வணிக ரகசியத்தையும் நீதிமன்றம் காப்பது நியாயமே. ஆனால், மருந்தின் ஆபத்து ரகசியமாக இருக்கக்கூடாது. சமரசத் தொகையை வழக்காடியவர்கள் பேசி முடிக்கலாம். அந்த மருந்தை உட்கொள்வோர் அறியவேண்டியதை அவர்கள் பேரம் பேச முடியாது.