வேடந்தாங்கலில் ஏரிக்கரையோடு நின்றுவிடும் படிப்பு

செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவிலுள்ள வேடந்தாங்கல் ஏரிக்குக் கார்த்திகை முதல் மாசி வரையில் திரளான ஜனங்கள் பக்ஷிகளைப் பார்க்க வருகின்றனர். கரைமீது நடந்து, கோபுரத்தில் ஏறி, தூரதிருஷ்டிக் கண்ணாடியால் நத்தைகுத்தி நாரையையும் அரிவாள்மூக்கனையும் கூழைக்கடாவையும் கண்டு, பலகைகளிலுள்ள பெயர்களைப் படித்துவிட்டுத் திரும்புகின்றனர். பெயர்கள் தெரிந்துவிடுகின்றன. அப்பக்ஷிகள் அவ்விடத்தில் ஏன் நிலைத்தன என்பதோ பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. அதற்குரிய விடை கரையின்மேல் இல்லை. மதகுக்குக் கீழேயுள்ள நஞ்சையில் இருக்கிறது.

அது சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரியேயாகும். நீரினிடையே நிற்கும் கடம்ப மரங்களில் பக்ஷிகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் விழுந்து கரைய, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த நீர் வயலுக்குப் பாய்கிறது. இதை எந்த இலாகாவும் அக்குடியானவர்களுக்குக் கற்பிக்கவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பக்ஷிகளைச் சுட்டபோது கிராமத்தார் முறையிட்டு, 1798-ம் வருஷத்தில் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் கவுல் பெற்றனர். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. சர்க்கார் சரணாலயமென்று அங்கீகரித்ததோ 1936-ல்தான். காவல் தொழிலில் குடியானவனே மூத்தவன் என்பதைப் பலகை எழுதுவோர் சற்று நினைவில் வைத்தல் நலம்.

மேலும், பக்ஷிகள் ஏரியில் தங்கினும், இரைக்குச் சுற்றிலுமுள்ள ஏரிகளையும் நெல்வயல்களையும் நாடிச் செல்கின்றன. நத்தைகுத்தி நாரை தன் பெயருக்கேற்ப நத்தைகளையே பெரிதும் தின்கிறது. இதனாலன்றோ 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் சரணாலய எல்லையாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கப் பிரேரணை எழுந்து, பலத்த ஆட்சேபத்தின்பேரில் கைவிடப்பட்டது. கரையை மட்டும் பார்த்துச் சென்ற ஒருவனுக்கு அக்குறைப்பு நியாயமாகவே தோன்றியிருக்கும். வயலையும் பார்த்தவன் அவ்வாறு எண்ணான். இத்தகைய பிரேரணை மறுபடியும் எழாது என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆகவே வருவோரைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஆயக்கட்டு விவசாயி ஒருவரே மதகுவரை அழைத்துச் சென்று, நீர் பாயும் வழியையும் பயிரையும் காட்டி விளக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது முதலில் நடைபெறட்டும். வரப்பு மிதிபடும், பயிர் சேதமாகும் என்று நிலச்சுவான்தார்கள் சிலர் ஆட்சேபிப்பர், அவ்வச்சம் வீணானதன்று. வண்டிப்பாதையை விட்டு ஒருவரும் இறங்கலாகாது என்று விதித்துவிட்டால் அது தீரும். அழைத்துச் செல்லும் விவசாயிக்கு நுழைவுக் கட்டணத்திலிருந்து கூலி கொடுப்பதும் நியாயமே. இனாமாக வேலை வாங்கும் ஏற்பாடு ஒரு பருவத்துக்குமேல் நில்லாது.

அவ்விவசாயியும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம் வயலில் கணக்கின்றிப் பூச்சிமருந்து தெளித்துவிட்டு, அவ்வயலையே பக்ஷிகளின் இரைநிலமென்று பிள்ளைகளுக்குக் காட்டுவது பொருந்தாது. எந்த வயல்களைக் காட்டுவது, யார் அழைத்துச் செல்வது என்பவற்றைக் கிராம உத்தியோகஸ்தர்களும் ஆயக்கட்டுதாரர்களும் ஐப்பசி மழைக்கு முன்பே கூடித் தீர்மானித்து, வன இலாகாவுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.