ஏறிய கியரிலேயே இறங்குவது ஏன்?

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று குன்னூர் வழி, இன்னொன்று கோத்தகிரி வழி. தூரமும் வளைவுகளும் வேறு வேறு. ஆனால், எந்த வழியில் இறங்கினாலும் கார் மீது புவியீர்ப்பு விசை செய்யும் வேலை ஒன்றுதான். தொடங்கிய உயரமும் முடிந்த உயரமும் மட்டுமே கணக்கு. பிளஸ் ஒன் இயற்பியலில் இப்படிப்பட்ட விசைக்கு 'ஆற்றல் மாற்றா விசை' என்று பெயர். ஏறும்போது அதை எதிர்த்துச் செலவிட்ட ஆற்றல், நிலை ஆற்றலாகச் சேமிப்பில் இருக்கும். இறங்கும்போது முழுசாகத் திரும்பி வரும்.

எவ்வளவு வரும்?

இரண்டு ஊர்களுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். காரின் மொத்த எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,000 × 9.8 × 1,900. அதாவது, சுமார் 1 கோடியே 86 லட்சம் ஜூல். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுபோக இது போதும். தடுக்க எதுவுமே இல்லாவிட்டால், கார் அடிவாரத்துக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 700 கி.மீ!

தடுப்பது உராய்வு. இது 'ஆற்றல் மாற்றும் விசை'. வாங்கிய ஆற்றலைச் சேமிக்காது, வெப்பமாக்கிவிடும். வழியெல்லாம் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், அந்த வெப்பத்தில் பெரும்பங்கு பிரேக்கில்தான் ஏறும். பிரேக் பேட் பிடிமானம் இழக்கும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். வண்டி நிற்காது.

ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது இதற்காகத்தான். குறைந்த கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கின் சுமை குறையும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது ஆபத்து. அதில் மிச்சமும் இல்லை. இன்றைய பெட்ரோல் கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெரும்பாலும் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

கருகிய வாடை வந்தாலோ, பெடல் மெத்தென்று இறங்கினாலோ, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது.