மருத்துவமாதின் கைப்பழக்கம்

கலா ஓயா பெருகும் நாட்களில் எலுவன்குளத்துப் பக்கம் பாதை நீருக்குள் போய்விடும். ஆற்று முகத்தை ஒட்டிய கங்கேவாடியில் அந்த வேளை ஒரு தாய்க்கு வலி எடுத்தால், வீட்டார் முதலில் தேடுவது அவ்விடத்து மருத்துவமாதான குடும்ப நல உத்தியோகத்தரைத்தான். வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தின் இந்த நிலையை முன்வைத்தே இலங்கையின் மருத்துவமாதுப் பயிற்சி பற்றி இங்கு பேசுகிறோம்.

ஒரு காலத்தில் ஊர்தோறும் பரம்பரை மருத்துவிச்சி இருந்தார். தாயிடமும் மாமியிடமும் பார்த்துப் பழகியதே அவரது படிப்பு. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ இல்லம் திறந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபின், பயிற்சி பெற்ற மருத்துவமாது வீட்டு வாசலுக்கே வந்தார். இன்று களத்தில் குடும்ப நல உத்தியோகத்தரும், பிரசவ அறையில் வைத்தியசாலை மருத்துவமாதும், மூன்றாண்டுத் தாதியக் கல்விக்குமேல் மருத்துவமாதுப் பயிற்சியும் பெற்ற தாதியரும் பணிபுரிகின்றனர்.

சர்வதேச மருத்துவமாதர் கூட்டமைப்பு நேரடியாகச் சேருவோருக்குக் குறைந்தது மூன்றாண்டும், தாதியருக்குப் பதினெட்டு மாதமும் கேட்கிறது. நெதர்லாந்தில் நேரடிக் கல்வி நான்காண்டு. நமது களப்பணியாளர் பெறுவதோ மொத்தம் பதினெட்டு மாதம்: வைத்தியசாலையோடு இணைந்த ஓராண்டு, பின் ஆறு மாதக் களப்பயிற்சி. இந்தக் குறுகிய பயிற்சி பலன் தந்ததற்குக் காரணம் அதைச் சூழ்ந்த ஒழுங்கு. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர், மேற்பார்வைக்குப் பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரி, அனுப்பிவைக்க வைத்தியசாலை. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்த தாய் மரணம் பின்னர் நாற்பதை ஒட்டி இறங்கியதில் இந்த ஒழுங்கின் பங்கு பெரிது.

ஆனால் வெற்றியோடு ஓர் இழப்பும் வந்தது. பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் வைத்தியசாலைக்குப் போய்விட்டன. களத்திலிருப்பவர் கர்ப்பிணிப் பதிவான எச் 512 அட்டையை நிரப்புகிறார், கிளினிக் நடத்துகிறார், திரிபோஷா சத்துமா கொடுக்கிறார், குழந்தையை நிறுக்கிறார். பிள்ளையை ஏந்திய கை ஆண்டுக்கணக்காக ஏந்தாமல் இருக்கிறது. பாதை மூழ்கும் இரவில் அந்தக் கையைத்தான் நம்பவேண்டியிருக்கும்.

ஆகவே தொலைதூரப் பிரிவுகளில் பணிபுரிவோர் ஆண்டுதோறும் சில வாரம் புத்தளம் போன்ற வைத்தியசாலையின் பிரசவ அறையில் நின்று பழக ஏற்பாடு வேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கையும் மூச்செடுக்காத சிசுவையும் கையாள்வதை மாதிரி உருவில் திரும்பத் திரும்பச் செய்துபார்க்க வேண்டும். சிங்களமும் தமிழும் கலந்து ஒலிக்கும் வண்ணாத்திவில்லில் இரு மொழியிலும் தாயோடு பேசத் தெரிவதும் பயிற்சியின் ஒரு பாடமாகவேண்டும். தலைவலி, கண் மங்கல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றைத் தாய் சொல்வது தன் மொழியில்தான். அதைச் சரியாகக் கேட்டவர், மழை வலுக்குமுன்பே அவளை வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்.