‘ஏன்’ என்று கேட்கலாமா?

மனனம் செய்வது கல்வியின் தொடக்கமே தவிர முடிவன்று. மார்க்கக் கல்விக்கும் இது பொருந்தும் என்பது என் துணிபு.

பள்ளிவாசல் மதரசாவில் ஓதி வளர்ந்தவன் நான். ஒளுவின் பர்ளுகள் எத்தனை என்று கேட்டால், ஷாபிஈ மத்ஹபினராகிய நாங்கள் உறக்கத்திலும் ‘ஆறு’ என்போம். ஹனபி நண்பனோ ‘நான்கு’ என்பான். இருவரும் எண்ணை அறிவோம், காரணத்தை அறியோம்.

காரணம் எவ்வளவு அழகானது! திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் ஆறாம் வசனம் முகம், கைகள், தலை, கால்கள் என நான்கைக் கூறுகிறது. ஹனபி அறிஞர்கள் அந்நான்கையே கடமை என்றனர். ஷாபிஈ அறிஞர்களோ, செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் நபிமொழியைக் கொண்டு நிய்யத்தையும், வசனம் கூறும் வரிசையைக் கொண்டு முறைப்படி செய்தலையும் சேர்த்து ஆறு என்றனர். வேதம் ஒன்றே, ஆராய்ந்த அறிவு இரண்டு!

இமாம் ஷாபிஈ (767–820) மதீனாவில் இமாம் மாலிக்கிடம் பயின்றவர். பின்னர் ஆசிரியரின் கருத்துகள் பலவற்றிலிருந்து மாறுபட்டார். ஈராக்கில் தாம் கூறிய முடிவுகள் சிலவற்றை எகிப்தில் தாமே மாற்றிக்கொண்டார். இமாம் அபூஹனீபாவின் மாணவர்களான அபூயூசுபும் முஹம்மதும் ஆசிரியரோடு முரண்பட்ட இடங்களை ஹனபி நூல்கள் மறைக்கவில்லை. இதனால் ஆசிரியர்களின் பெருமை குறைந்ததா? இல்லையே!

அப்படியானால் ஆளுக்கொரு சட்டம் சொல்லலாமா என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. இஜ்திஹாத் எனப்படும் சுயஆய்வுக்கு அரபு மொழி, குர்ஆன், ஹதீஸ், முன்னோர் முடிவுகள் ஆகியவற்றில் ஆழ்ந்த புலமை வேண்டும். ஆனால் தீர்ப்பு வழங்குவது வேறு. தீர்ப்பின் காரணத்தை அறிவது வேறு. மருத்துவம் செய்ய உரிமை இல்லாதவனுக்கு உடற்கூறு கற்பிக்கக் கூடாதா?

காலையில் மதரசா, பகலில் கல்லூரி என்று பயிலும் மாணவனை எண்ணிப் பாருங்கள். இங்கே கேள்வி கேட்டால் பாராட்டு. அங்கே கேட்டால் பல வேளைகளில் அதட்டல். வங்கி வட்டி, உறுப்புதானம் போன்ற சிக்கல்கள் நாளை அவன் முன் நிற்கும். அன்று அவன் மார்க்கத்தை விடுவான், அல்லது சிந்தனையை விடுவான். இரண்டுமே இழப்பன்றோ?

ஆகவே உஸ்தாதுமார்களை நான் வேண்டுவது ஒன்றே: சட்டத்தைக் கற்பிக்கும்போது அதன் ஆதாரத்தையும், இமாம்கள் வேறுபட்ட விதத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள். இமாம்களின் முடிவுகளைப் பாதுகாத்த நாம், அவர்களுடைய ஆராயும் பழக்கத்தையும் பாதுகாப்போம்.